மருந்தென்று உண்ட ஆமை, மருந்தென்று புகைத்த ஊமத்தை

பரமக்குடியைத் தொட்டு ஓடும் வைகை, கிழக்கே பாக் நீரிணையில் கலக்கிறது. ஆற்றின் மேட்டிலும் கடலோரத்திலும் மக்கள் கைமருந்தாக எடுத்த சில பொருட்கள் கொடிய நஞ்சும் கொண்டவை.

மன்னார் வளைகுடாக் கரையில் கடலாமையின் இறைச்சியை உண்பதும், மூலநோய்க்கு நல்லதென்று அதன் ரத்தத்தைக் குடிப்பதும் ஒரு காலத்தில் வழக்கமாக இருந்தன. பவளப்பாறைகளில் கடற்பஞ்சுகளைத் தின்று வாழும் அழுங்காமையின் இறைச்சி சில வேளைகளில் நஞ்சாகிவிடும். பார்வையிலோ சுவையிலோ அது தெரியாது. எவ்வளவு வேகவைத்தாலும் போகாது. வாயும் தொண்டையும் எரியும், வாந்தி வரும், பிறகு மயக்கம், உயிரும் போகலாம். அதைத் தின்ற தாயிடம் பால் குடித்த கைக்குழந்தைகள்கூட இறந்திருக்கின்றன. மாற்று மருந்து இல்லை. கடலாமைகளைப் பிடிப்பது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

நிலத்தில் ஊமத்தை. இழுப்புக்கு இதன் காய்ந்த இலையைப் புகைப்பார்கள். இலையிலும் விதையிலும் உள்ள அட்ரோபின் மூச்சுக்குழாயைத் தளர்த்துவது உண்மைதான். ஆனால் அதன் அளவு செடிக்குச் செடி, பருவத்துக்குப் பருவம் மாறும். மிகுந்தால் வாய் வறண்டு, கண்மணி விரிந்து, சித்தம் கலங்கும். பூச்சிமருந்து குடித்தவர்களைக் காப்பாற்ற மருத்துவமனைகளில் ஊசியாகப் போடுவதும் இதே அட்ரோபின்தான். அங்கே அளவு மில்லிகிராம் கணக்கில் தெரியும்.

சேங்கொட்டை, எட்டி, நாபி ஆகிய நச்சுச் சரக்குகளையும் சுத்தி (நஞ்சு நீக்கல்) செய்யாமல் மருந்தில் சேர்க்கக் கூடாது என்பது சித்த மருத்துவ விதி. நஞ்சு ஏறியதாகச் சந்தேகம் எழுந்தால் 108-ஐ அழைத்து, உண்ட பொருளின் மிச்சத்தையும் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.