மடிக்கணினி ஏன் மந்தமாகிறது?



வீரகேரளம்புதூரிலிருந்து எங்கள் கல்லூரிக்கு வரும் மாணவர் ஒருவர் ஒரு நாள் துணிப்பையில் மடிக்கணினி ஒன்றைக் கொண்டுவந்தார். தமிழக அரசு 2011 செப்டம்பர் 15இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், அவருடைய அக்காள் பிளஸ் டூ படித்தபோது பெற்றது அது.

"ஆன் பண்ணிட்டு டீக்கடைக்குப் போயிட்டு வந்திரலாம், சார். பழைய இரும்புக்குப் போட்டுரவா?" என்றார்.

புதிது வாங்க வீட்டில் வசதியில்லை. அவருடைய பாடக் குறிப்புகளும் அக்காளின் திருமணப் படங்களும் அதில்தான் இருந்தன. தனி ஊசல் சோதனைக்கு வைத்திருக்கும் நிறுத்துகடிகாரத்தை எடுத்து அளந்தோம். இயங்கத் தயாராக 5 நிமிடம் 40 விநாடி ஆயிற்று!

இதன் காரணம் யாது?

கடையும் கிட்டங்கியும்

ஒரு பலசரக்குக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். கைக்கெட்டும் தட்டில் இருக்கும் பொருளைக் கடைக்காரர் உடனே எடுத்துத் தருவார். இல்லையெனில் சுரண்டையிலுள்ள கிட்டங்கிக்குத்தான் ஆள் அனுப்ப வேண்டும். கணினியில் ரேம் என்னும் நினைவகமே தட்டு; ஹார்ட் டிஸ்க் என்னும் வன்தட்டே கிட்டங்கி.

இந்தப் பயணம் எவ்வளவு நீண்டது? கணக்கிடுவோம். மடிக்கணினியின் வன்தட்டு பெரும்பாலும் நிமிடத்திற்கு 5400 முறை சுழலும். அதாவது விநாடிக்கு 90 சுற்று; ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 11 மில்லிவிநாடி. வேண்டிய தகவல் படிமுனைக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 5.6 மில்லிவிநாடி காத்திருக்க வேண்டும். படிமுனை இடம் நகர மேலும் சுமார் 12 மில்லிவிநாடி. ஆக மொத்தம் ஏறத்தாழ 18 மில்லிவிநாடி. சிதறிக் கிடக்கும் 5000 சிறு துண்டுகளைப் படித்தால் 90 விநாடி கடந்துவிடும்.

நினைவகத்திற்கோ விநாடியில் ஒரு கோடியில் ஒரு பங்கு போதும். தட்டிலிருந்து எடுக்க ஒரு விநாடி என்று கொண்டால், கிட்டங்கிக்குப் போய்வர 50 மணி நேரம்! நினைவகம் நிரம்பினால் கணினி வன்தட்டையே தட்டாகப் பயன்படுத்தத் தொடங்குகிறது. மந்தம் அங்கேதான் பிறக்கிறது.

முதலில் நோயறிதல்

மருந்துக்கு முன் நாடி பார்க்க வேண்டுமல்லவா? விண்டோஸ் கணினியில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் விசைகளை ஒருசேர அழுத்துங்கள். செயலி, நினைவகம், வட்டு ஆகியவற்றின் சுமை சதவீதத்தில் தெரியும்.

செயலி ஓய்ந்திருக்க வட்டு மட்டும் 100 காட்டினால், குறை வட்டிலோ நினைவகத்திலோ இருக்கலாம். தொடக்கத்தில் நன்றாக ஓடி, சூடேறி விசிறி இரையத் தொடங்கியபின் மந்தமானால், காரணம் வெப்பம். செயலியின் சூடு செம்புக் குழாய் வழியே மெல்லிய தகடுகளுக்குச் சென்று காற்றில் கலக்க வேண்டும். தூசி அடைத்தால் காற்று புகாது. செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். குற்றாலச் சாரல் காலத்தில் ஒழுங்காக ஓடிய கணினி சித்திரை வெயிலில் திணறுவதும் இதனால்தான்.

மருந்து

எங்கள் மாணவரின் கணினியில் வட்டு 100. 2 ஜிபி நினைவகமும் நிரம்பியிருந்தது. முதல் வேலையாகப் படங்களையும் குறிப்புகளையும் வேறு வட்டில் நகலெடுத்தோம். முதிர்ந்த வன்தட்டு முன்னறிவிப்பின்றி நின்றுவிடக்கூடும். 'டிக் டிக்' என ஒலித்தால் தாமதமே கூடாது.

அடுத்து, கணினியுடன் தாமாகவே தொடங்கும் தேவையற்ற நிரல்களை நிறுத்தினோம். காசு செலவில்லாமலே நேரம் 4 நிமிடமாயிற்று. விசிறி சுழலாதபடி பிடித்துக்கொண்டு தூசியை ஊதி நீக்கினோம். பழைய பொருள் கடையில் அதே வகை நினைவகம் வாங்கி 4 ஜிபி ஆக்கினோம். வன்தட்டு இருந்த இடத்தில் எஸ்.எஸ்.டி. பொருத்தினோம். இதில் சுழலும் பகுதியே இல்லை. தகவலை எட்ட ஏறத்தாழ 0.1 மில்லிவிநாடி போதும். நம் கடைக் கணக்கில் 50 மணி நேரம் 17 நிமிடமாகச் சுருங்குகிறது!

அதிலிருந்த விண்டோஸ் 7க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரியிலேயே நின்றுவிட்டன. ஆகவே எளிய கணினிக்கு ஏற்ற லினக்ஸ் ஒன்றை நிறுவினோம். சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' என்பதும் லினக்ஸ் வகையே.

மீண்டும் நிறுத்துகடிகாரம்: 38 விநாடி!

செயலி பழையதுதான், பெரிய காணொளித் தொகுப்புக்கு அது உதவாது. படிக்க, எழுத, நிரல் பழக அது போதும்.

ஓர் எச்சரிக்கை. மின்கலம் உப்பியிருந்தால் உடனே பயன்பாட்டை நிறுத்துங்கள். குத்தவோ அழுத்தவோ கூடாது, தீப்பிடிக்கும். கணினியைத் திறக்குமுன் மின்இணைப்பைத் துண்டித்து, மின்கலத்தையும் கழற்றுங்கள். பெரியவர் ஒருவர் துணையுடன் செய்யுங்கள்.

உங்கள் வீட்டிலும் ஒரு பழைய மடிக்கணினி பரணில் உறங்குகிறதா? கடிகாரத்துடன் அமருங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்து, ஒவ்வொரு முறையும் நேரத்தை ஏட்டில் குறியுங்கள். எந்த மாற்றம் எத்தனை விநாடியை மிச்சப்படுத்தியது என்று அந்த ஏடே உங்களுக்குச் சொல்லும்.