சோறு வைத்த பூனை யாருடையது?

சித்தூர் பக்கம் நிலக்கடலை விளைகிறது. அறுவடை முடிந்ததும் மூட்டைகள் வீட்டுக்கு வரும். மூட்டை வந்தால் எலி வரும். எலி வந்தால் பூனை வரும்.

தமிழில் பூனை. தெலுங்கில் பில்லி. எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் அது தன் இஷ்டப்படிதான் வரும். ஒரு நாள் வாசலில் வந்து நிற்கும். வீட்டுக்காரம்மா கொஞ்சம் சோறு வைப்பார். மறுநாளும் வரும். பிறகு அதுவும் வீட்டில் ஒரு ஆள்.

இந்த உறவு மிகப் பழையது. மனிதர்கள் தானியம் சேர்த்து வைக்கத் தொடங்கினார்கள். எலி பிடிக்கப் பூனை வந்தது. சைப்ரஸ் என்ற தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய சவக்குழி ஒன்று கிடைத்தது. மனிதருக்குப் பக்கத்தில் ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்தது.

சுகமும் தொல்லையும்

பூனை இருந்தால் எலித் தொல்லை குறையும். வேலை முடிந்து உட்கார்ந்தால் மடியில் வந்து படுக்கும். பிள்ளைகளுக்கு நல்ல துணை.

தொல்லையும் உண்டு. பால் பாத்திரத்தை உருட்டும். பாயைப் பிறாண்டும். விடியற்காலையில் கத்தி எழுப்பும். இது திமிரா? இல்லை. எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு.

பிறாண்டுவது ஏன்? நகத்தின் பழைய தோல் உரிய வேண்டும். ஒரு கட்டையில் கோணியைச் சுற்றி மூலையில் வையுங்கள். அதில் பிறாண்டப் பழகும். விடியலில் கத்துவது ஏன்? அது பூனை இரை தேடும் நேரம். அடித்தால் திருந்தாது. பயந்து ஓடும். பாலை உறியில் வைத்தால் பாலும் தப்பும், பூனையும் தப்பும்.

பூனை குறுக்கே போனால் காரியம் கெடுமா? கெடாது. நாம் நம் வேலையாகப் போகிறோம். அது தன் வேலையாகப் போகிறது.

என்ன கொடுக்கலாம்?

பூனைக்குப் பால்தான் உணவு என்று நினைக்கிறோம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது. வயிற்றால் போகும். தயிர்சாதம் மட்டும் கொடுத்தாலும் போதாது. பூனைக்கு மீன், இறைச்சி வேண்டும். இல்லாவிட்டால் நாளடைவில் கண்ணும் இதயமும் கெடும். முள் நீக்கிய வேகவைத்த மீன் நல்லது. வெங்காயம், பூண்டு சேர்ந்த குழம்பு கூடாது. அது பூனையின் இரத்தத்தைக் கெடுக்கும். குடிக்கத் தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும்.

குட்டிகள் பெருகினால்?

பெண் பூனை ஐந்தாறு மாதத்திலேயே சினைப்படும். சுமார் இரண்டு மாதத்தில் குட்டி போடும். ஒரே ஆண்டில் இரண்டு மூன்று முறை கூடப் போடும். அத்தனையையும் வளர்க்க முடியுமா? சிலர் குட்டிகளைச் சாக்கில் போட்டு ஊருக்கு வெளியே விடுகிறார்கள். தாயில்லாத குட்டி பட்டினியால் சாகும். இதற்குக் கருத்தடை அறுவை இருக்கிறது. அரசு கால்நடை மருத்துவமனையில் கேளுங்கள். திருப்பதியில் 1955-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கும் கேட்கலாம்.

கீறல் சின்னது, ஆபத்து பெரியது

வெறிநோய் நாயால் மட்டும்தான் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். பூனையாலும் வரும். வெறிநாய் பூனையைக் கடித்தால் பூனைக்கும் அந்த நோய் வரும். அந்தப் பூனை மனிதரைக் கடித்தாலோ கீறினாலோ மனிதருக்கும் வரலாம். நோய் தெரிய ஆரம்பித்த பிறகு உயிர் பிழைப்பது மிக அரிது. ஆனால் முன்பே தடுக்கலாம்.

பூனை கடித்தால், கீறினால் என்ன செய்ய வேண்டும்?

1. உடனே சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள்.
2. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் தடவாதீர்கள்.
3. அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தடுப்பூசி இலவசம்.
4. மருத்துவர் சொன்ன நாட்களில் தவறாமல் போய் எல்லா ஊசியும் போடுங்கள்.

தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று பயப்பட வேண்டாம். அது பழைய காலம். இப்போது கையில்தான் போடுகிறார்கள். நான்கைந்து ஊசியில் முடிந்துவிடும்.

“நம் வீட்டுப் பூனைதானே, என்ன ஆகும்?” என்று சும்மா இருக்கக் கூடாது. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டு விடுமா?

பூனைக்கும் தடுப்பூசி உண்டு. மூன்று மாதக் குட்டியாக இருக்கும்போதே போடலாம். பிறகு ஆண்டுதோறும் போட வேண்டும்.

இரவு பூனை எங்கே போகிறது, யாரோடு சண்டை போடுகிறது என்று நமக்குத் தெரியாது. காலையில் அது நம் பிள்ளையின் மடிக்குத்தான் வருகிறது. அதனால் சோறு வைத்தால் மட்டும் போதாது. ஊசியும் போட வேண்டும். அப்போதுதான் அது நம் பூனை.