புள்ளிக்கு ஆயுள் 52 வாரம்

கற்பிட்டியில் வலைப்பந்து ஆடும் மாணவி ஒருத்தி, டெனிஸில் உலகப் போட்டிவரை எப்படிப் போவது என்று என்னிடம் கேட்டாள். கோயம்புத்தூரின் நிருபமா வைத்தியநாதனைப் பற்றிச் சொன்னேன். 1998 அவுஸ்திரேலிய பகிரங்கப் போட்டியின் முதற்சுற்றில் இத்தாலியின் குளோரியா பிஸிகினியை வென்றபோது அவருக்கு வயது 21. 1968இன் பின், கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பிரதான சுற்றில் வென்ற முதல் இந்தியப் பெண் அவர். பல போட்டிகளுக்குப் பயிற்சியாளர் இல்லாமல் தனியாகவே போனவர்.

அந்த இடத்தை அடைவதுதான் கடினம். இன்று பிரதான சுற்றின் 128 இடங்களில் 104 தரவரிசைப்படி நிரம்புகின்றன. தரவரிசைக்குப் புள்ளிகள் வேண்டும். புள்ளிகளுக்காக நாடு நாடாகப் போக வேண்டும். அடிமட்டப் போட்டியொன்றில் மொத்தப் பரிசே 15,000 டொலர். அதை எல்லா வீராங்கனைகளும் பங்கிட வேண்டும். விமானச்சீட்டும் தங்குமிடமும் பெரும்பாலும் சொந்தச் செலவு.

பெற்ற புள்ளிகளும் 52 வாரங்களில் கழிந்துவிடும். ஓராண்டு ஆடாவிட்டால் மீண்டும் பூச்சியம்தான். 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இந்தக் கரையில் முகாம்களில் வளர்ந்த பிள்ளைகள் இழந்தது ஓராண்டை மட்டுமல்ல. எங்கள் பிள்ளைகளுக்குத் திறமை இல்லை என்று சொல்வதற்கு முன், அவர்களுக்குத் தொடர்ந்து ஆட ஓர் இடமும் பயணச் செலவும் கிடைத்தனவா என்று கேட்போம்.