ஆவுளியா மேய்ந்த தடம்

நுரைச்சோலையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். "களப்பில் ஆவுளியா பிடிபட்ட கதையை வாப்பா சொல்வார். எனக்கு வயது முப்பது தாண்டிவிட்டது. ஒன்றைக்கூடக் கண்டதில்லை. இப்போது இருக்கிறதா, இல்லையா? கண்ணில் படாத ஒன்றை எப்படி ஆராய்ச்சி செய்கிறார்கள்?"

முதல் கேள்விக்குப் பதில், இருக்கிறது. கற்பிட்டி, மன்னார்ப் பக்கங்களில் ஆவுளியா இறைச்சியுடன் ஆட்கள் பிடிபட்ட செய்திகள் அண்மை ஆண்டுகளிலும் வந்தன. ஒரு விலங்கு உயிரோடிருப்பதை அதன் இறைச்சியை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது என்பது நமக்குக் கேவலம். இரண்டாவது கேள்விதான் எனக்குப் பிடித்த கேள்வி.

ஆவுளியா மீனல்ல, கன்று ஈன்று பால் கொடுப்பது என்று கரையோரத்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அது திமிங்கிலத்தின் உறவுமல்ல, யானையின் தூரத்துச் சொந்தம். மூன்று மீற்றர் வரை வளரும், நானூறு கிலோ தேறும், எழுபது வயது வரை வாழக்கூடும். கடலிலேயே பிறந்து கடலிலேயே சாகும் பாலூட்டிகளில் புல்லை நம்பி வாழ்வது இது ஒன்றுதான். இலங்கையில் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், 1861இல் வெளியிட்ட நூலில், கற்பிட்டிக் குடாவிலிருந்து இராமர் அணை வரையுள்ள கடல் ஒதுக்குகளுக்கு ஆவுளியாக்கள் ஏராளமாக வருவதாக எழுதியிருக்கிறார். அலையடங்கிய நீரும் கடலடித் தாவரங்களும்தான் அவற்றை அங்கே இழுக்கின்றன என்று காரணமும் சொல்லியிருக்கிறார்.

அவுஸ்திரேலியாவில் சிறு விமானத்தில் தாழப் பறந்து ஆவுளியாவை எண்ணுகிறார்கள். அங்கே கூட்டம் கூட்டமாக உண்டு. அருகிப்போன இடத்தில் விமானம் பறந்து பெரிய பயனில்லை. அதனால் ஆய்வாளர்கள் இரண்டு இடங்களில் விசாரிக்கிறார்கள். ஒன்று மீனவரின் நினைவு, மற்றது புல்.

சாதாளை என்று வடக்கில் சொல்லும் கடற்புல், பாசி இனமல்ல. வேர், தண்டு, இலை, பூ, விதை எல்லாம் உள்ள தாவரம். புத்தளம் களப்பு ஆழமில்லாதது. வெயில் அடி வரை இறங்கும் இடங்களில் புல் தரை விரிக்கும். ஆவுளியாவின் மூஞ்சி கீழ்நோக்கி வளைந்தது. மேலுதடு அகன்ற தட்டுப்போல, முரட்டு மயிர்களோடு இருக்கும். அந்த உதட்டைச் சேற்றில் பதித்து, முன்னால் தள்ளிக்கொண்டே போகும். மாடு மேய்ந்தால் நுனிதான் போகும். இது மேய்வது நுரைச்சோலை மணலில் வெங்காயம் பிடுங்குவதுபோல. இலையும் தண்டும் கிழங்குமாக அடியோடு வரும். மண்ணை உதறிவிட்டு விழுங்கும். கடற்புல்லின் மாச்சத்து மண்ணுக்குள் ஓடும் தண்டில்தான் இருக்கிறது என்பது அதற்குத் தெரியும்.

பிடுங்கிய இடத்தில் வெறும் மண்ணாக ஒரு தடம் கிடக்கும். அகலம் 10 முதல் 25 சென்ரிமீற்றர், அதாவது அந்த மூஞ்சியின் அகலம். நீளம் சில மீற்றர். நேராகப் போகாது, வளைந்து வளைந்து போகும். மூச்செடுக்க மேலே எழும்பிய இடத்தில் தடம் அறுந்து, இன்னோரிடத்தில் புதிதாகத் தொடங்கும். ஓரம் கூராக, உள்ளே புல்லே இல்லாமல் இருந்தால் புதுத் தடம். இரு பக்கமிருந்தும் தளிர் ஓடி வந்திருந்தால் பழையது. நீர் வற்றியபோது நடந்தோ, முகமூடி மாட்டி மூழ்கியோ, ஆளில்லாப் பறப்பி ஓட்டியோ இந்தத் தடங்களைக் குறித்துக்கொள்கிறார்கள். விலங்கைக் காணாமலேயே அது எங்கே மேய்கிறது, எந்தப் புல்லை விரும்புகிறது என்று சொல்லிவிடலாம்.

அது விரும்புவது நெடிய முரட்டுப் புல்லை அல்ல. ஹலோபிலா, ஹலோடியூல் என்ற குட்டை இனங்களை. நார் குறைவு, தழைச்சத்து அதிகம். நாளொன்றுக்கு நாற்பது கிலோ வரை தின்னும். அந்தோணி பிரீன் என்ற ஆய்வாளர் அவுஸ்திரேலியாவின் மோர்ட்டன் குடாவில் செய்த ஆய்வு 1995இல் வெளிவந்தது. ஆவுளியாக் கூட்டம் திரும்பத் திரும்ப மேயும் இடத்தில், சீக்கிரம் முளைக்கும் மென்புல்லே நிலைத்து நிற்கிறது, முரட்டுப் புல் தலையெடுப்பதில்லை என்று அவர் காட்டினார். தனக்கு வேண்டிய பயிரைத் தானே பார்த்துக்கொள்கிறது. கடற்புல் விதைகள் அதன் சாணத்தோடு வெகுதூரம் போய் விழுகின்றன என்று பின்னர் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. களப்பில் புல் நின்றால்தான் இறால் குஞ்சும் மீன் குஞ்சும் ஒதுங்க இடம் இருக்கும். ஆவுளியாவை இறைச்சிக் கணக்கில் மட்டும் பார்த்தவர்கள் இந்தக் கணக்கைப் போடவில்லை.

மீனவரின் நினைவு என்றேன். தென்சீனக் கடலோரம் 66 மீனவக் கிராமங்களில் 788 பேரை விசாரித்த ஆய்வு 2022இல் வெளியானது. முந்திய ஐந்தாண்டுகளில் ஆவுளியாவைக் கண்டதாகச் சொன்னவர்கள் மூன்றே பேர். சீனக் கடலில் அந்த இனம் நடைமுறையில் அற்றுப்போனது என்று ஆய்வாளர்கள் முடிவு கட்டினார்கள். இலங்கையிலும் 2015 முதல் சில ஆண்டுகள், எட்டு நாடுகளை உள்ளடக்கிய ஆவுளியா, கடற்புல் பாதுகாப்புத் திட்டம் நடந்தது. இத்தகைய ஆய்வுகளுக்கு உங்கள் வாப்பாவின் கதைகள் பொழுதுபோக்கு அல்ல, தரவு. எழுதி வையுங்கள்.

ஆவுளியா ஏன் இத்தனை வேகமாகக் குறைகிறது? பெண் ஆவுளியா பருவத்துக்கு வரவே ஆறு வருடமாவது ஆகும், சிலவற்றுக்குப் பதினேழு. சினைக்காலம் ஒரு வருடத்துக்கு மேல். ஈன்றால் ஒரே கன்று. அடுத்த கன்றுக்கு இரண்டரை வருடம் முதல் ஏழு வருடம் வரை. எல்லாம் சரியாக நடந்தாலும் கூட்டம் ஆண்டுக்கு நூற்றுக்கு ஐந்துக்கு மேல் பெருகாது. ஒரு வலையில் ஒரு தாய் செத்தால் அந்த இழப்பை ஈடுசெய்ய வருடங்கள் பிடிக்கும்.

1970 முதல் இலங்கையில் இதைக் கொல்வது குற்றம். சட்டத்தில் குறையில்லை. ஆனாலும் டைனமைட்டும் தடைசெய்த வலைகளும் களப்புக்கும் கடலுக்கும் போகின்றன, இறால் பண்ணைக் கழிவு களப்பில் இறங்குகிறது. நுரைச்சோலை என்றால் நாட்டுக்கே அனல் மின்நிலையம்தான் ஞாபகம் வரும். புகையையும் சாம்பலையும் பற்றிப் பேச வேண்டியதுதான். ஆனால் அதே நிலத்தின் கிழக்குக் கரையில் நீருக்கடியில் கிடக்கும் மேய்ச்சல் தரையைப் பற்றி ஒரு கூட்டத்திலும் பேச்சு எழுந்து நான் கேட்டதில்லை. காட்டை வெட்டினால் வெட்டவெளி கண்ணில் படும். புல் அழிந்தால் தண்ணீர் மூடிவிடும். இந்த வசதியில்தான் எல்லோரும் சும்மா இருக்கிறோம்.

கடற்றொழில் செய்வோருக்கு ஒரு வார்த்தை. வலையில் மாட்டும் ஆவுளியா பெரும்பாலும் காயத்தால் சாவதில்லை, மூச்சு முட்டித்தான் சாகிறது. மேலே வராமல் சில நிமிடங்களே தாங்கும். கண்டால் முதலில் மூக்கை நீருக்கு மேலே பிடியுங்கள், பிறகு வலையை அறுங்கள். அறுத்துவிட்ட மீனவருக்குத் தமிழ்நாட்டில் அரசு சன்மானம் கொடுக்கிறது. இங்கேயும் அறுத்த வலைக்கு ஈடு கொடுக்க வேண்டும் என்று உங்கள் சங்கங்கள் வாய்விட்டுக் கேட்கட்டும்.