உங்களுக்குத் தெரியுமா? குறி ஒன்று, பலன் வேறொன்று!

பிறப்புறுப்பு ஹெர்பீஸை ஹெச்.எஸ்.வி-1, ஹெச்.எஸ்.வி-2 என இரு வைரஸ்கள் உண்டாக்குகின்றன. இரண்டாம் வகையின் மேலுறைப் புரதங்களில் ஒன்றை வைத்துச் செய்த சோதனைத் தடுப்பூசி, அமெரிக்கா, கனடாவில் 18 முதல் 30 வயதுக்குட்பட்ட 8,323 பெண்கள் பங்கேற்ற ஆய்வில் பரிசோதிக்கப்பட்டது. பங்கேற்றவர்களில் ஒரு பகுதியினருக்கு ஒப்பீட்டுக்காக ஹெபடைட்டிஸ்-ஏ தடுப்பூசி. 2012இல் வெளியான முடிவு விசித்திரமானது. இரண்டாம் வகையை ஊசி தடுக்கவே இல்லை. முதல் வகையால் வரும் பிறப்புறுப்பு நோயையோ 58 சதவீதம் குறைத்தது! பிறகு ரத்த மாதிரிகளை ஆராய்ந்தபோதுதான் துப்பு கிடைத்தது. அந்தப் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி அதிகம் ஊறியவர்களை முதல் வகை அவ்வளவாகத் தொற்றவில்லை. நோயெதிர்ப்பு அணுக்களான டி செல்களின் துடிப்புக்கும் பாதுகாப்புக்கும் அப்படியொரு தொடர்பு தென்படவில்லை. அதே ஆன்டிபாடிகள் இரண்டாம் வகை வைரஸை முடக்குவதில் பலவீனமாகவே இருந்தன. நரம்பு முடிச்சுகளில் ஆயுள் முழுக்கப் பதுங்கும் இந்த இரு வைரஸ்களுக்கும் அனுமதி பெற்ற தடுப்பூசி இன்னும் வரவில்லை.