பழைய ஜீப்பின் சின்ன ராடு

கம்பம் பள்ளத்தாக்கில் விடியலுக்கு முன்பே ரோட்டுக்கு வந்துவிடுகிறவை ஜீப்புகள். போடி, தேவாரம், பண்ணைப்புரம், கோம்பை, கம்பம் என்று அடிவாரத்து ஊர்களிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு இடுக்கி மாவட்டத்து மலைகளுக்குப் போகின்றன. போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என்று மூன்று பக்கமும் ஏறி, பொழுது சாய்வதற்குள் இறங்கிவிடும். வெளியூர்க்காரர்களுக்குப் பண்ணைப்புரம் என்றால் இளையராஜா. உள்ளூர்க்காரர்களுக்கு அது இந்த டிரிப் ஜீப்புகள் புறப்படுகிற அடிவாரத்து ஊர்களில் ஒன்றும்கூட.

பெருநகரத்தில் முப்பது வருடத்து ஜீப்புக்கு ஒரு கிராஸ் ஜாயிண்ட் மாற்ற ஆள் தேடி அலைய வேண்டும். இந்தப் பக்கம் அந்தக் கஷ்டம் குறைவு. ஏலக்காட்டு டிரிப் இருப்பதால் பட்டறை இருக்கிறது, பட்டறை இருப்பதால் உதிரி பாகமும் அதை மாட்டத் தெரிந்த கையும் இருக்கின்றன. சனி ஞாயிறுகளில் பழைய ஜீப்பை எடுத்துக்கொண்டு கல் பாதைக்குப் போக ஆசைப்படுகிற இளைஞர்கள் இப்போது நிறையப் பேர். அவர்கள் வீடியோவில் பார்த்துக் கற்பதைவிட, தினமும் மலையேறுகிற டிரிப் டிரைவரிடம் அதிகம் கற்கலாம். அவர் முதலில் கற்றுக்கொடுப்பது மெதுவாகப் போவதை.

முதலில் வண்டி. இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் உருவான வில்லிஸ் ஜீப்பை, 1940-களின் கடைசியில் மும்பை மஸகானில் கோத்து விற்கத் தொடங்கியது மஹிந்திரா. பெட்ரோல் எஞ்சினில் தொடங்கி, பிறகு டீசலுக்கு மாறி, 1980-களில் பியூஜோ டீசல் எஞ்சின் போட்ட எம்.எம். 540 வந்தது. 2,112 சிசி எஞ்சின், 60 குதிரைத்திறனை ஒட்டிய சக்தி. 2020-ல் வந்த மஹிந்திரா தார் வண்டியின் டீசல் எஞ்சினுக்குச் சக்தி 130. பாதிக்கும் குறைந்த சக்தியுள்ள எஞ்சின் கல் மேட்டை எப்படி ஏறுகிறது? விடை கியரில் இருக்கிறது.

கியர் ராடுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒன்றோ இரண்டோ ராடு நிற்கும். வண்டி வாங்கப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். கமாண்டர், மேஜர் என்று பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கிற பல வண்டிகள் பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கிற வெறும் டூ வீல்; இந்த ராடு ஃபோர் வீலுக்கு உரியது. சின்ன ராடு இருந்தால் மட்டும் நம்பிவிட வேண்டாம். குனிந்து முன் அச்சைப் பாருங்கள். பின்னால் இருப்பதுபோல முன்னாலும் உருண்டையான ஹவுசிங் இருக்க வேண்டும், நடுவிலிருந்து அதற்கு ஒரு புரொப்பல்லர் ஷாஃப்ட் வர வேண்டும். சில வண்டிகளில் ராடு இருக்கும், டீசல் மிச்சம் என்று முன் ஷாஃப்டை எப்போதோ கழற்றி எறிந்திருப்பார்கள்.

அந்தச் சின்ன ராடு டிரான்ஸ்ஃபர் கேஸ் என்கிற இரண்டாவது கியர்ப்பெட்டியை இயக்குகிறது. அதற்கு இரண்டு வேலை. ஒன்று, எஞ்சினின் இழுவையை முன் சக்கரங்களுக்கும் அனுப்புவது, அதாவது ஃபோர் வீல் போடுவது. இன்னொன்று, லோ போடுவது. லோவில் சக்கரத்தின் வேகம் ஏறத்தாழ இரண்டரை மடங்கு குறைகிறது. இழுவை அதே அளவு கூடுகிறது. முதல் கியரில், லோவில், ஆக்ஸிலரேட்டரில் கால் வைக்காமலேயே வண்டி மனிதன் நடக்கிற வேகத்துக்கும் குறைவாக ஊர்ந்து போகும். 60 குதிரை போதும் என்பதன் ரகசியம் இதுதான். இறக்கத்தில் இதன் அருமை இன்னும் புரியும். லோவில் முதல் கியரோ இரண்டாவது கியரோ போட்டு, கிளட்சிலிருந்து காலை முழுக்க எடுத்துவிட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்குகிறவர் அடிவாரம் வருவதற்குள் டிரம்மைச் சூடாக்கி பிரேக்கை இழந்துவிடுவார்.

ஃபோர் வீல் போட்டுவிட்டால் வண்டி எங்கும் நிற்காது என்று நினைப்பது தவறு. ஹவுசிங்குக்குள் இருக்கிற டிஃபரன்ஷியல், சுலபமாகச் சுற்றுகிற சக்கரத்துக்கே சுற்றலைக் கொடுக்கும். முன்னால் இடது சக்கரமும் பின்னால் வலது சக்கரமும் ஒரே நேரத்தில் பிடிமானம் இழந்து தொங்கினால், அந்த இரண்டும் சும்மா சுற்றும். தரையில் இருக்கிற மற்ற இரண்டும் அசையாது. இந்த நிலையில் ஆக்ஸிலரேட்டரை மிதிப்பது வீண். இறங்கி, தொங்குகிற சக்கரத்துக்கு அடியில் கல் கொடுத்துவிட்டு ஏற வேண்டும். கல் பாதையில் தினமும் ஓட்டுகிறவர்கள் சந்தேகமான இடம் வந்தால் வண்டியை நிறுத்தி இறங்கி நடந்து பார்ப்பார்கள். எந்தக் கல் மேல் எந்தச் சக்கரம் போக வேண்டும் என்று முடிவு செய்த பிறகே மறுபடி ஏறி உட்காருவார்கள்.

தார் ரோட்டில் ஃபோர் வீல் கூடாது. இந்த வண்டிகளில் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பூட்டப்படுகின்றன. வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் போக வேண்டும். மண்ணிலும் சரளையிலும் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அதைச் சமாளித்துக்கொள்ளும். தாரில் வழுக்க இடமில்லை. முறுக்கு முழுவதும் ஷாஃப்டிலும் கியரிலும் ஏறும். ஸ்டியரிங் கனக்கும், சின்ன ராடு இறுகிப்போய் வெளியே வராது. அப்போது ராடை உதைக்காதீர்கள். ரிவர்ஸில் நேராகக் கொஞ்சம் பின்னால் எடுத்தால் முறுக்கு தளர்ந்து தானாகக் கழன்று வரும்.

இதையெல்லாம் ஒரே பாதையில் பார்க்க வேண்டுமென்றால் கொழுக்குமலை. இடம் தேனி மாவட்டம், போடி வட்டாரத்தில் இருக்கிறது. ஆனால் ஜீப் பாதை கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்துதான். போடியிலிருந்து போடிமெட்டு ஏறி, பூப்பாறை வழியாகச் சுற்றிப் போக வேண்டும். 7,000 அடிக்கு மேல் தேயிலைத் தோட்டம், பழைய முறையில் தூள் அரைக்கிற ஒரு தொழிற்சாலை. தேயிலைத் தோட்டத்தினூடே போகிற அந்தக் கல் பாதையில் ஃபோர் வீல் ஜீப் மட்டுமே ஏறும். சொந்த வண்டி இருந்தாலும் முதல் தடவை அங்குள்ள வாடகை ஜீப்பில் ஏறுங்கள் என்பேன். டிரைவரின் கால்களைக் கவனியுங்கள். கிளட்சைப் பாதி மிதித்தபடி ஓட்டுகிறவரை அங்கே பார்க்க முடியாது. மேட்டில் எஞ்சின் நின்றுவிட்டால் பிரேக்கைப் பிடிக்காமல் கிளட்சை மிதிக்க மாட்டார். மிதித்தால் வண்டி கட்டுப்பாடில்லாமல் பின்னால் உருளும். பிரேக்கை அழுத்திப் பிடித்து, எஞ்சின் நின்றிருக்கும்போதே லோவில் ரிவர்ஸ் போட்டு, கிளட்சை விட்ட நிலையில் ஸ்டார்ட் செய்து, வந்த வழியே நேராக இறங்கி, மறுபடி முயல்வார். சரிவில் வண்டியைக் குறுக்கே திருப்பவே மாட்டார். ஜீப் உயரமான, அகலம் குறைந்த வண்டி. குறுக்கே நின்றால் கவிழும்.

எங்கே போகலாம் என்பதைவிட எங்கே போகக் கூடாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். பண்ணைப்புரத்துக்கு மேற்கே தோப்பு முடிகிற இடத்தில் மலையும் காடும் தொடங்கிவிடுகின்றன. கிழக்கே மேகமலை, 2021-லிருந்து அது ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம். சரணாலயத்துக்குள் அனுமதியில்லாமல் நுழைவது 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வண்டித்தடம் தெரிகிறது என்பது அனுமதி ஆகாது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்ததை இந்தப் பகுதி மறக்கவில்லை. கோடையில் காய்ந்த போதைப்புல் மேல் சூடான சைலன்சரோடு ஜீப்பை நிறுத்துவதும் தீ வைப்பதற்குச் சமம். நண்பர்களின் தோட்டத்து மண் பாதை, உரிமையாளர் அனுமதித்த மானாவாரி நிலம், ஊராட்சி வண்டிப்பாதை ஆகியவையே பழகுவதற்குப் போதும். ஐப்பசி, கார்த்திகையில் ஓடைக்குள் இறங்க வேண்டாம். அடிவாரத்தில் தூறல்கூட இல்லாதபோதும் மேலே பெய்த மழை காட்டாறாக வந்து சேரும்.

இனி பராமரிப்பு. ஞாயிறு மாலை வண்டியை ஷெட்டில் விட்டுவிட்டு அடுத்த சனிக்கிழமை எடுக்கிறவரிடம் பழைய ஜீப் நீடிக்காது. இந்த மண்ணில் அதற்கு எதிரி இரண்டு: தூசி, தண்ணீர்.

ஆனி, ஆடியில் பள்ளத்தாக்கில் அடிக்கிற மேல்காற்றில் செம்மண் புழுதி எங்கும் புகும். பழைய ஜீப்புகளில் பெரும்பாலும் ஆயில் ஊற்றுகிற வகை ஏர் ஃபில்டர். கீழே இருக்கிற கிண்ணத்தைக் கழற்றிப் பாருங்கள். ஆயிலுக்கு அடியில் விரலில் ஒட்டுகிற சேறு படிந்திருக்கும். அந்தச் சேறு எஞ்சினுக்குள் போயிருந்தால் பிஸ்டன் ரிங்கும் லைனரும் தேய்ந்திருக்கும். புழுதியில் ஓடிய ஒவ்வொரு வாரமும் கிண்ணத்தை டீசலில் கழுவி, குறித்திருக்கிற அளவுக்குப் புது ஆயில் ஊற்றுங்கள். அளவு மீறக் கூடாது. அதிகமானால் எஞ்சின் அதை உறிஞ்சிவிடும்.

தண்ணீர் செய்கிற வேலை இதைவிடக் கள்ளத்தனமானது. ஹவுசிங்கின் மேல் விரல் நுனி அளவுக்கு ஒரு மூச்சுக்குழல் இருக்கும், பிரீதர் என்பார்கள். ஓடிச் சூடான ஹவுசிங் ஓடைத் தண்ணீரில் இறங்கியதும் சட்டென்று குளிர்கிறது. உள்ளே இருக்கிற காற்று சுருங்குகிறது. வெளியிலிருந்து எதையாவது இழுக்கப் பார்க்கிறது. பிரீதர் சுத்தமாக, தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருந்தால் காற்றை இழுக்கும். சேறு அடைத்திருந்தால் ஆயில் சீல் ஓரமாகத் தண்ணீரை இழுத்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. அடுத்த நாள் நிரப்புகிற திருகைக் கழற்றி விரலை விட்டுப் பாருங்கள். ஆயில் தேன் நிறத்தில் இருந்தால் நல்லது. பாலில் கலக்கிய மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. அன்றைக்கே வடித்து மாற்ற வேண்டும். விட்டுவைத்தால் பேரிங்கும் கிரவுன் பினியனும் துருப்பிடித்து ஊளையிடத் தொடங்கும். பிரீதரிலிருந்து ஒரு ரப்பர் டியூப் போட்டு உயரமான இடத்துக்குக் கொண்டுபோய்விடுவது மலிவான, நிரந்தரமான வழி. முன் ஹவுசிங், பின் ஹவுசிங், கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று நான்கையும் இப்படிப் பார்க்க வேண்டும்.

கிரீஸ் கன் சொந்தமாக வைத்திருங்கள். ஷாஃப்ட் கிராஸ், ஸ்டியரிங் பந்துகள், ஸ்பிரிங் ஷாக்கிள் என்று நிப்பிள் இருக்கிற ஒவ்வோர் இடத்திலும் பழைய கறுத்த கிரீஸ் வெளியே பிதுங்கிப் புதுசு எட்டிப்பார்க்கும் வரை அடிக்க வேண்டும். நிப்பிளைத் துடைத்துவிட்டு அடியுங்கள். இல்லையென்றால் மண்ணையும் சேர்த்தே உள்ளே தள்ளுகிறீர்கள். அப்படியே கீழே படுத்த நிலையில் யூ போல்ட் நட்டுகளைத் தட்டிப் பாருங்கள், ஸ்பிரிங் பட்டைகளில் விரிசல் கோடு ஓடுகிறதா என்று துணியால் துடைத்துப் பாருங்கள். மெயின் பட்டை உடைந்தால் அச்சே நகர்ந்துவிடும்.

பிரேக் பெரும்பாலும் நான்கு சக்கரங்களிலும் டிரம். தண்ணீர் கடந்து வந்ததும் கொஞ்ச தூரம் பிரேக்கை லேசாக மிதித்தபடி ஓட்டினால் லைனிங் காயும். ஹேண்ட் பிரேக் விஷயம் பலருக்குத் தெரியாது: பழைய ஜீப்புகள் பலவற்றில் அது சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் ஷாஃப்டில் இருக்கிறது. பின் சக்கரத்தில் ஒன்றை ஜாக்கி வைத்துத் தூக்கினால், டிஃபரன்ஷியல் வழியாகப் பிடி நழுவி வண்டி நகரலாம். ஷாஃப்டைக் கழற்றினால் ஹேண்ட் பிரேக்கே கிடையாது. மேட்டில் பஞ்சர் போடுவதற்கு முன்பு, சக்கரங்களுக்குக் கல் கொடுப்பது அதனால்தான் கட்டாயம்.

மாட்டிக்கொண்ட வண்டியை இழுக்கும்போது கயிற்றை பம்பரில் கட்டாதீர்கள், சேசிஸில் கட்டுங்கள். கயிற்றின் நடுவில் ஈரச் சாக்கு போடுங்கள். அறுந்தால் சாட்டையாக வீசாமல் விழும். கயிற்றுக்கு நேராக யாரும் நிற்கக் கூடாது, குழந்தைகள் வண்டிக்குள்ளும் வேண்டாம், பக்கத்திலும் வேண்டாம்.

கடைசியாகக் காகிதம். சொந்த வண்டியின் பதிவு 15 வருடத்துக்குத்தான். அதன் பிறகு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டிப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் உண்டு. பதிவு முடிந்த வண்டியில் விபத்து நடந்தால் இன்சூரன்ஸில் சிக்கல். வண்டியின் அடிப்படை அமைப்பை, தயாரித்தபோது பதிவான விவரத்திலிருந்து மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019-ல் சொல்லிவிட்டது. ஆகவே எஞ்சினையோ பாடியையோ மாற்றிய பழைய ஜீப் மலிவாகக் கிடைக்கிறதென்றால், ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிற எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் வண்டியில் பொறித்திருப்பதோடு ஒத்துப் பாருங்கள். சேசிஸ் எண் மண்ணும் கிரீஸும் படிந்து மறைந்திருக்கும். கம்பி பிரஷும் கொஞ்சம் டீசலும் கையோடு எடுத்துப் போங்கள். எண்கள் ஒத்துப்போன பிறகு அட்வான்ஸ் கொடுக்கலாம்.