டைனோசர்களை மீள உயிர்ப்பித்தல்

டைனோசர்களை மீள உயிர்ப்பித்தல் என்பது, ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அற்றுப்போன டைனோசர்களை (தொன்மாக்களை) உயிரித் தொழில்நுட்பத்தின் துணையுடன் மீண்டும் உருவாக்க இயலுமா என்னும் வினாவைக் குறிக்கும். இன்றைய அறிவியலின்படி இதற்கான விடை 'இயலாது' என்பதே ஆகும். கருவிகளின் போதாமை இதற்கு முதன்மைக் காரணம் அன்று. உயிரினத்தை உருவாக்கத் தேவையான மரபுச் செய்தியைத் தாங்கும் டி.என்.ஏ மூலக்கூறு அவ்வளவு நெடுங்காலம் நிலைத்திருப்பதில்லை. பறவைகள் டைனோசர்களின் வழித்தோன்றல்கள் ஆகும். எனினும் இக்கட்டுரையில் 'டைனோசர்' என்னும் சொல் பறவையல்லாதவற்றை மட்டுமே குறிக்கும்.

கருத்தின் தோற்றம்

மைக்கேல் கிரைட்டன் 1990-இல் எழுதிய 'ஜுராசிக் பார்க்' புதினமும், ஸ்டீவன் ஸ்பில்பர்க் 1993-இல் இயக்கிய அதே பெயருடைய திரைப்படமும் இக்கருத்தை உலகெங்கும் பரப்பின. டைனோசரின் குருதியைக் குடித்த கொசு, மரப்பிசின் இறுகி உண்டாகும் அம்பரில் சிக்கிக்கொள்கிறது, அக்குருதியிலிருந்து டி.என்.ஏ பிரித்தெடுக்கப்படுகிறது என்பது கதையின் அடிப்படை.

அக்காலத்தில் இது முற்றிலும் கற்பனையாகத் தோன்றவில்லை. லெபனான் நாட்டு அம்பரில் இருந்த, 12 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட வண்டிலிருந்து டி.என்.ஏ பெற்றதாக 1993-இல் ஓர் ஆய்வுக்குழு அறிவித்தது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கிடைத்த 8 கோடி ஆண்டுப் பழமையான எலும்பிலிருந்து டி.என்.ஏ பெற்றதாக 1994-இல் மற்றொரு குழு அறிவித்தது. இவ்வெலும்பில் கண்டது மனித டி.என்.ஏ கலந்ததன் விளைவு என்பது அடுத்த ஆண்டே சுட்டிக்காட்டப்பட்டது. இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தினர் அம்பர்ப் பூச்சிகளில் செய்து 1997-இல் வெளியிட்ட சோதனைகளிலும் பண்டைய டி.என்.ஏ கிடைக்கவில்லை.

டி.என்.ஏ சிதைவு

உயிருள்ள உயிரணுவில் டி.என்.ஏ அடிக்கடி பழுதடைகிறது. நொதிகள் அதனை உடனுக்குடன் சீர்செய்கின்றன. இறப்புக்குப் பின் சீரமைப்பு நின்றுவிடுகிறது. நீர், ஆக்சிசன், நுண்ணுயிரிகள் ஆகியவற்றால் அதன் இழை சிறு துண்டுகளாக உடைகிறது.

நியூசிலாந்தில் அற்றுப்போன மோவா பறவையின் 158 கால் எலும்புகளை ஆராய்ந்த குழு, 2012-இல் இச்சிதைவின் வேகத்தைக் கணக்கிட்டது. சராசரியாக 13.1 பாகை செல்சியசு வெப்பநிலையில் இருந்த அவ்வெலும்புகளில், 242 கார இணைகள் கொண்ட துண்டின் அரைவாழ்வுக் காலம் 521 ஆண்டுகள். அதாவது, 521 ஆண்டுகளுக்கு ஒருமுறை இத்தகைய துண்டுகளில் பாதி அழிகின்றன. தொடக்கத்தில் 100 கோடி துண்டுகள் இருந்தால், 30 அரைவாழ்வுக் காலங்களில், அதாவது ஏறத்தாழ 15,600 ஆண்டுகளில், ஒன்றே ஒன்று எஞ்சும். டைனோசர்கள் அற்றுப்போய் இதே கணக்கில் 1,26,000-க்கும் மேற்பட்ட அரைவாழ்வுக் காலங்கள் கடந்துவிட்டன.

குளிரில் சிதைவு மெதுவாக நிகழும். ஆயினும் -5 பாகை செல்சியசிலும் 68 லட்சம் ஆண்டுகளுக்குள் டி.என்.ஏ.வின் எல்லாப் பிணைப்புகளும் அறுந்துவிடும் என அக்குழு மதிப்பிட்டது. டைனோசர்களின் காலம் இதைப்போல் ஏறத்தாழ 10 மடங்கு தொலைவில் உள்ளது. வடகிரீன்லாந்தின் உறைமண்ணிலிருந்து பெறப்பட்டு 2022-இல் அறிவிக்கப்பட்ட டி.என்.ஏ துண்டுகளின் வயது ஏறத்தாழ 20 லட்சம் ஆண்டுகள் மட்டுமே.

மென்திசு எச்சங்கள்

மொன்டானா மாநிலத்தில் கிடைத்த, ஏறத்தாழ 6.8 கோடி ஆண்டுப் பழமையான டைரனோசரசு ரெக்சு தொடையெலும்பில் வளையும் தன்மையுள்ள குழாய் போன்ற அமைப்புகளைக் கண்டதாக மேரி சுவைட்சரும் குழுவினரும் 2005-இல் தெரிவித்தனர். 2007-இல் கொலாஜன் புரதத் துண்டுகளும் அறிவிக்கப்பட்டன. இம்முடிவுகள் பற்றி அறிவியலாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவை சரியானவை என்று கொண்டாலும், கொலாஜன் ஓர் உடலிலுள்ள பல்லாயிரம் புரதங்களுள் ஒன்றே. எந்த மரபணு எப்போது, எங்கே செயற்பட வேண்டும் என்னும் ஒழுங்குமுறைச் செய்தி அதில் இல்லை.

பிற தடைகள்

முழு டி.என்.ஏ கிடைத்ததாகவே கொண்டாலும் பின்வரும் தடைகள் எஞ்சும்:

* துண்டுகளை வரிசைப்படுத்த, நெருங்கிய உறவுடைய உயிரினத்தின் மரபுத்தொகுதி மாதிரியாக வேண்டும்.
* வழக்கமான படியாக்கத்திற்கு (குளோனிங்) உயிருள்ள, அல்லது முறையாக உறையவைத்துக் காக்கப்பட்ட உயிரணு வேண்டும்.
* கரு வளர்வதற்குப் பொருத்தமான முட்டை வேண்டும். பெரிய மஞ்சட்கருவும் ஓடும் கொண்ட பறவை முட்டையில் உட்கருவை மாற்றிப் படியாக்கம் செய்வது இன்றுவரை கைகூடவில்லை.

உயிரணு கையில் இருந்தும் முயற்சி நிலைக்காமற்போனதற்கு எசுப்பானியாவின் பைரனீசு மலையாடு சான்றாகும். அதன் கடைசி ஆடு 2000-இல் இறந்தது. முன்னரே சேமித்திருந்த அதன் உயிரணுக்களிலிருந்து 2003-இல் பிறந்த குட்டி, நுரையீரல் குறைபாட்டால் சில நிமிடங்களில் இறந்தது.

பறவைகள் வழியான ஆய்வுகள்

கோழியின் வளர்ச்சியை மாற்றி டைனோசர் போன்ற பண்புகளைத் தோற்றுவிக்கலாம் என்பது தொல்லுயிரியலாளர் ஜாக் ஆர்னர் முன்வைத்த கருத்து. ஒரு மரபணுத் திரிபு கொண்ட கோழிக் கருக்களில் பல் போன்ற அமைப்புகள் தோன்றியது 2006-இல் தெரிவிக்கப்பட்டது. 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், கோழிக் கருவின் அலகெலும்புகள் மூதாதையரின் முகவாய் எலும்புகளை ஒத்து வளருமாறு செய்யப்பட்டன. இவ்வாய்வுகளின் நோக்கம் படிவளர்ச்சியைப் புரிந்துகொள்வதே ஆகும். இவ்வழியில் ஒரு விலங்கு பிறந்தாலும், அது மாற்றப்பட்ட கோழியாகவே இருக்கும்.

இதனையொத்த வேறுபாடு 2025-இலும் விவாதிக்கப்பட்டது. பண்டைய டி.என்.ஏ.வைப் பின்பற்றிச் சாம்பல் ஓநாயின் மரபணுக்களில் 20 திருத்தங்கள் செய்து உருவாக்கிய குட்டிகளை, அற்றுப்போன 'டயர் ஓநாய்' என ஓர் அமெரிக்க நிறுவனம் அறிவித்தது. அவை திருத்தப்பட்ட சாம்பல் ஓநாய்களே என அறிவியலாளர் பலர் மறுத்தனர். டயர் ஓநாய்க்குப் படிக்கத்தக்க டி.என்.ஏ.வாவது எஞ்சியிருந்தது; டைனோசர்களுக்கு அதுவும் இல்லை. அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் உயிரணுக்களை இன்றே உறையவைத்துச் சேமிப்பதன் தேவையை இது உணர்த்துகிறது.

இவற்றையும் பார்க்க

* டைனோசர்
* டி.என்.ஏ
* படியாக்கம்
* அம்பர்
* மோவா